நான்காவது கோப்பின் மூன்றாம் பக்கம்

நோயாளியின் பெயர் அந்தத் தாளில் எங்கும் இல்லை. பெயர் வரவேண்டிய இடத்தில் ‘நோ.’ என்று ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும் இருந்தன. அவரைப் பார்க்கப் போன பயிற்சிப் பெண் ‘ச.’, அதாவது சந்திப்பவர். நாடக வசனம்போல நோ. ஒன்று சொல்ல, ச. ஒன்று சொல்ல, பேச்சு போய்க்கொண்டிருந்தது. எமரென்சியா இரண்டாம் பக்கத்தில் கால்வாசி வந்திருப்பாள். அந்த நோ. வாயைத் திறந்து, “வாடகைக்காரன் இன்னிக்கு வெள்ளனவே எழுந்திட்டான்மா” என்றார்.

எமரென்சியாவின் பென்சில் நின்றுவிட்டது.

வயிற்றுக்குள் இருந்த புற்றுநோயை வாடகைக்காரன் என்று சொன்ன மனுஷர் இந்த ஊரில் ஒருத்தர்தான் இருந்தார். ஒரு காசு கொடுக்காமல் உள்ளே குடியேறிவிட்டான், காலி பண்ணச் சொன்னால் அடிக்க வருகிறான் என்று வலியோடு வலியாக வேடிக்கை பேசுவார். பெயர் சந்தியாகு. பினாங்குக்கும் அக்கரைக்கும் ஓடும் ஃபெரியில் இருபத்தெட்டு வருஷம் இன்ஜின் அறையில் வேலை பார்த்தவர். எமரென்சியாவுக்குப் புருஷன். வருகிற சனிக்கிழமையோடு அவர் போய் இரண்டு வருஷம்.

அவள் அங்கே உட்கார்ந்திருந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜார்ஜ் டவுனில் ஒரு கோயிலுக்குப் பின்னால், பழைய கன்னியர் மடத்துக் கூடத்தில், ஆஸ்பத்திரி ஊழியப் பயிற்சி என்று ஒன்று ஆறு வருஷமாக நடந்துவந்தது. வேலைக்குப் போகிறவர்கள், குடும்பப் பெண்கள், ஓய்வுபெற்ற வாத்தியார்கள் என்று பலர் வந்து, நோயாளியின் கட்டிலருகே எப்படி உட்காருவது, எப்போது செபிப்பது, எப்போது வாயை மூடிக்கொண்டிருப்பது என்று படித்தார்கள். நம்மவர்களுக்கு மூன்றாவதுதான் கஷ்டமான பாடம். பயிற்சி தரமானதுதானா என்று பார்த்து அங்கீகாரம் கொடுக்கவோ மறுக்கவோ திருச்சபையின் மதிப்பீட்டுக் குழு மூன்று பேரை அனுப்பியிருந்தது. அங்கீகாரம் இல்லாவிட்டால் ஜனவரியிலிருந்து வார்டுக்குள் விடமாட்டோம் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கடிதமே எழுதிவிட்டார்கள். 1988 அக்டோபர் மாதம் அது.

மூவரில் தலைவர் கதிர்காமநாதன். யாழ்ப்பாணத்துக் குடும்பம், கல்வி இலாகாவில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வுபெற்றவர். தாத்தா காலத்திலேயே ஞானஸ்நானம் வாங்கிய வீடுதான். ஆனாலும் கதிர்காமத்து முருகனைப் பெயரிலிருந்து இறக்கிவிட யாருக்கும் மனசு வரவில்லை. விதி என்றால் அவருக்கு விதிதான், அதற்கு மேலே கடவுள்கூடக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வரவேண்டும். இரண்டாமவர் ஈப்போவிலிருந்து வந்த ஃபாதர் லிம். தங்கமான மனுஷர், தமிழ் மட்டும் ஓர் எழுத்துத் தெரியாது. மூன்றாவது எமரென்சியா. அக்கரை ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷம் தாதி, அதில் பாதி தாதிகளுக்குப் பாடம் சொன்னவள். ஆஸ்பத்திரி வழக்கப்படி எல்லோரும் அவளை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

மதிப்பீட்டாளர்களுக்கு ஒன்பது விதிகள் இருந்தன. காலையில் வந்ததும் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் நாற்காலியில் உட்காரவேண்டும். பரிசு வாங்கக் கூடாது, விருந்து சாப்பிடக் கூடாது. பயிற்சி நிலையத்தை நடத்தும் சிஸ்டர் இம்மாகுலேட்டுக்கு இது தெரியாதா, தெரியும். தெரிந்தும் கோழிப் பிரியாணி செய்து வைத்திருந்தார். வந்தவருக்குச் சோறு போடாமல் அனுப்பினால் நரகம் என்று நம் பெண்பிள்ளைகளுக்குச் சட்டத்துக்கு முன்னாலேயே ஒரு சட்டம் இருக்கிறது. கதிர்காமநாதன் தன் பையிலிருந்து ரொட்டியை எடுத்து மேசைமேல் வைத்ததும் சிஸ்டர் முகம் செத்துப்போனது. பால் ஊத்தாத தேநீர் மட்டும் பரவாயில்லை என்று கடைசியில் சமரசம் ஆயிற்று.

அந்த ஒன்பதில் ஆறாவது விதியை எழுதியவள் எமரென்சியாதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் விதிகளை எழுதக் கூடியபோது, “கோப்பில் இருப்பவர் தெரிந்தவர் என்று தோன்றினால் விரைவில் தலைவருக்கு அறிவிக்கவும்” என்று யாரோ எழுதியிருந்ததை அடித்துவிட்டு, “தோன்றிய கணமே கோப்பை மூடவும், தலைவரிடம் சொல்லவும், மறுபடி திறக்கவே கூடாது” என்று மாற்றினாள். ‘விரைவில்’ என்றால் எவ்வளவு நேரம், மனுஷர்கள் விரைவில் என்று சொல்லிக்கொண்டு கடைசிப் பக்கம்வரை படித்துவிடுவார்கள் என்று அன்றைக்கு வாதாடினாள். எல்லோரும் மெச்சினார்கள்.

கோப்பு என்றால் சாதாரணக் கோப்பு கிடையாது. பயிற்சியில் இருப்பவர் ஒரு நோயாளியோடு பேசிவிட்டு வந்ததும், அந்தப் பேச்சை நினைவிலிருந்து சொல்லுக்குச் சொல் எழுதவேண்டும். சொன்னது சொன்னபடி. அழகுபடுத்தக் கூடாது, சுருக்கக் கூடாது. பிறகு ஆசிரியரோடு உட்கார்ந்து, இந்த இடத்தில் ஏன் குறுக்கே பேசினாய், அந்த இடத்தில் ஏன் செபத்துக்குத் தாவினாய் என்று அலசுவார்கள். நான்காவது கோப்பை எழுதியது இரண்டு வருஷத்துக்கு முன்னால் பயிற்சியில் இருந்த நல்லம்மாள் என்ற பெண். பொல்லாத நினைவுசக்தி போலிருக்கிறது. படிக்கப் படிக்க நோயாளி மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

மதிப்பீட்டாளர்கள் நிரப்பும் படிவத்தில் மூன்று கேள்விகள் இருந்தன. இந்தப் பயிற்சியில் உங்கள் உறவினர் மாணவரா? ஆசிரியரா? நன்கொடை கொடுப்பவரா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்று எழுதினாள். நோயாளியா என்று யாரும் கேட்கவில்லை. படிவம் எழுதிய அத்தனை புத்திசாலிகளுக்கும் கட்டிலில் படுத்திருந்தவர் ஞாபகத்துக்கு வரவில்லை. தன் புருஷனின் கட்டிலருகே பயிற்சிப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள் என்பதே அவளுக்குத் தெரியாது. அவள் அக்கரையில் வேலை முடிந்து, ஃபெரி பிடித்து, அவர் படுத்திருந்த பினாங்கு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர மாலை ஆறாகிவிடும். காலையில் யார் வந்தார்கள் என்று அவர் சொல்லவில்லை, இவள் கேட்கவுமில்லை.

இப்போது என்ன செய்யவேண்டும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் உலகத்தில் இல்லை. மூடவேண்டும். அவள் மூடவில்லை.

காரணம் ஜெசிந்தா. ஒரே மகள். ஆறு வருஷத்துக்கு முன்னால் முத்துவீரப்பன் என்ற செட்டியார் வீட்டுப் பையனை, கோயிலும் இல்லாமல் பூசையும் இல்லாமல், பதிவு அலுவலகத்தில் கல்யாணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து சந்தியாகு மகள் பெயரை வாயால் சொல்லவில்லை. செத்துப்போகிறவரைக்கும் சொல்லவில்லை. அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்ற ஜெசிந்தா, “அப்பா என்னைக் கேட்டாராம்மா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எமரென்சியா யோசிக்கவேயில்லை. “கேட்டாரு” என்றாள்.

பொய்க்குக் கால் இல்லை என்பார்கள். இந்தப் பொய் இரண்டு வருஷம் நடந்தது. ஒவ்வொரு தடவை போன் பேசும்போதும் ஜெசிந்தா கொஞ்சம் கொஞ்சமாகக் கேட்டாள். எப்பக் கேட்டாரு, எப்படிக் கேட்டாரு, என்னா வார்த்தை சொன்னாரு. தாயும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டினாள். அன்று காலை ஏழு மணிக்கு, எமரென்சியா சேலைக்குக் குத்துப்பின் தேடிக்கொண்டிருந்தபோது மகள் கூப்பிட்டாள்.

“மொதல்ல புதன்கிழமை கேட்டாருன்னு சொன்ன. போன வருசம் வெள்ளிக்கிழமைன்ன. போன மாசம் நீ ஆஸ்பத்திரிக்கே போகாத நாளைச் சொன்னம்மா. போதும்லா. சனிக்கிழமை பூசைக்கு நான் வரல. இனிமே போன் பண்ணவும் மாட்டேன்.”

போன் வைக்கப்பட்டுவிட்டது. மூன்று மணி நேரம் கழித்து இந்தக் கோப்பு கைக்கு வந்தது. இப்போது சொல்லுங்கள், எப்படி மூடுவாள்? கண் தன்பாட்டுக்கு ஓடியது.

ச.: ரொம்ப வலிக்குதாங்கய்யா?

நோ.: வலி கெடக்குதும்மா. (கொஞ்ச நேரம் பேசவில்லை.) ஒண்ணு கேக்கணும். இங்க பேசறது வெளிய போவுமா?

ச.: போகாதுங்க.

நோ.: என் பொஞ்சாதி காதுக்கு? அவளும் நர்சுதான். ஆஸ்பத்திரில அவளுக்குத் தெரியாம ஈகூடப் பறக்காது.

ச.: அவங்களுக்கும் போகாதுங்க. சத்தியமா.

நோ.: அவளுக்குத் தெரியக் கூடாது. மத்தவங்களுக்குத் தெரிஞ்சாலும் பரவால்ல.

ச.: சரிங்க.

நோ.: அப்ப சரி. (கண்ணை மூடிக்கொண்டார்.) எனக்கு ஒரு மக இருக்கா. கேக்கறியா?

ச.: சொல்லுங்க.

அதோடு இரண்டாம் பக்கம் முடிந்தது.

கூடத்தின் மறுகோடியில் கதிர்காமநாதனும் ஃபாதர் லிம்மும் தலை குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள், ஃபாதர் கையில் இருந்தது இங்கிலீஷில் எழுதிய கோப்பு. மின்விசிறி காற்றில் மூன்றாம் பக்கம் ஓரமாக எழும்பி எழும்பி விழுந்தது. எமரென்சியா அதன்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினாள். அவளுக்கு வந்த முதல் உணர்ச்சி அழுகை என்று நினைத்தால் தப்பு. கோபம். முப்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியக் கூடாதாம், முன்பின் தெரியாத நல்லம்மாளுக்குத் தெரியலாமாம். மூத்திரம் அள்ளிக் கொட்டிய கை அவளுடையது, கதை கேட்ட காது இன்னொருத்தியுடையதா? பல்லைக் கடித்துக்கொண்டாள்.

கதிர்காமநாதன் எழுந்து கழிவறைப் பக்கம் போனார். ஃபாதர் லிம் தலையை நிமிர்த்தவில்லை. ஒரே ஒரு பக்கம். நோயாளிகளின் குறிப்புகளை வாழ்க்கையில் ஆயிரக்கணக்கில் படித்தவள்தானே அவள். படித்துவிட்டு மூடினால் யாருக்குத் தெரியும்? நாளைக்கே மகளிடம் போய், “இந்தா, நாள் இது, வார்த்தை இது” என்று அடித்துச் சொல்லலாம். விரல் தாளின் முனைக்கு அடியில் போனது. தாள் புரண்டது. மேலே, இடது ஓரத்தில், நோ.வுக்குப் பக்கத்தில் முதல் சொல் கண்ணில் பட்டது.

அவ.

எமரென்சியா கோப்பைப் பட்டென்று மூடினாள். சத்தம் கேட்டு ஃபாதர் லிம் நிமிர்ந்து பார்த்தார். அவள் எழுந்து நின்றுகொண்டாள், உட்கார்ந்தால் மறுபடி திறந்துவிடுவோம் என்ற பயம்.

கதிர்காமநாதன் கைக்குட்டையில் கை துடைத்துக்கொண்டு வந்ததும், “நாலாவது கோப்பை நான் படிக்கக் கூடாது சார். அதுல இருக்கறது என் வீட்டுக்காரரு” என்றாள்.

அவர் கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அனுதாபம் ஏதாவது சொல்வார் என்று அவள் எதிர்பார்த்தாள். அவர் நோட்டுப்புத்தகத்தை எடுத்தார்.

“எப்படித் தெரிஞ்சுது? பேர் இல்லையே.”

“அவரு பேசற பேச்சு. அந்த நோயை வாடகைக்காரன்னு சொல்வாரு. அவரைத் தெரிஞ்ச யாரு படிச்சாலும் கண்டுபிடிச்சிருவாங்க.”

“தெரிஞ்ச பிறகு எவ்வளவு படிச்சீங்கள்?”

அவள் முகம் சூடாகிவிட்டது. கோப்பு எழுதியவர்களை நேர்முகத்தில் அவள் கேட்கவேண்டிய தொனியில் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். “பத்து வரி” என்றாள். பிறகு, “அடுத்த பக்கத்துல ஒரு சொல்லு” என்றாள்.

அவர் அதையும் எழுதினார். “இதை நான் அறிக்கையில போடவேணும் மிஸ்ஸி. மேலிடத்தில உங்களை இனிக் கூப்பிடுவினமோ தெரியாது.”

“போடுங்க.”

“இன்னொண்டும் இருக்கு. பேரை மறைச்சும் ஆளைக் கண்டுபிடிக்கலாம் எண்டால் அது பயிற்சியின்ர குறை. நானும் ஃபாதரும் முழுக்கப் பார்த்துத்தான் முடிவு சொல்லவேணும். அவருக்குத் தமிழ் தெரியாது. நான் இங்கிலீஷில சொல்லவேணும்.” கொஞ்சம் தயங்கினார். “நீங்கள் இங்கயே இருங்கோ. நாங்கள் பக்கத்து அறைக்குப் போறம்.”

பக்கத்து அறை என்பது பேருக்குத்தான். அந்தக் காலத்து மடம். நடுவில் பலகை அடித்து இரண்டாகப் பிரித்திருந்தார்கள். பலகை ஆளுயரத்துக்கு மேலே போகவில்லை. அதற்குமேல் உத்தரம்வரைக்கும் வெறும் காற்று. கதவைச் சாத்திக்கொண்டு கதிர்காமநாதன் வாசிக்க ஆரம்பித்ததும் ஒவ்வொரு சொல்லும் மேலேறி இந்தப் பக்கம் இறங்கியது. அரசாங்க அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் உரக்கப் படித்துப் பழகிய குரல். குறைத்துப் பேச அவருக்குத் தெரியவில்லை.

எமரென்சியா நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். விதி கோப்பைத் திறக்கக் கூடாது என்கிறது. அவள் திறக்கவில்லையே. காதைப் பற்றி ஆறாம் விதியில் ஒரு வார்த்தை இல்லை. எழுதியவளுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. தலைவர் இங்கேயே இரு என்று சொல்லியிருக்கிறார், அவள் இருக்கிறாள். குற்றம் எங்கே இருக்கிறது? சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் பக்கத்து வரிசையில் மண்டியிட்டுக்கொண்டு செபமாலை உருட்டுகிறவர்களும் இப்படித்தான் நியாயம் பேசுவார்கள். அவள் அவர்களை ஏசியிருக்கிறாள்.

முதல் பக்கம் முடிந்தது. தன் புருஷன் இங்கிலீஷ் பேசுவதை அவள் முதல்முறையாகக் கேட்டாள். வாடகைக்காரன் வந்தான், ஃபாதர் லிம் லேசாகச் சிரித்த சத்தம் கேட்டது. அவர் சிரித்ததும் அவளுக்குச் சந்தியாகு உயிரோடு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. இனி எட்டு வரி. ஏழு. மனைவியின் காதுக்குப் போகுமா என்று நோயாளி கேட்கிறார் என்றார் கதிர்காமநாதன். போகாது என்று சத்தியம் செய்கிறாள் என்றார். அதைச் சொன்னபோது அந்தப் பெரிய குரல் தடுமாறி நின்றது. பலகைக்கு இந்தப் பக்கம் அந்த மனைவியை உட்காரவைத்திருக்கிறோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்கவேண்டும். ஆனாலும் விதி விதிதானே. தொடர்ந்தார்.

எமரென்சியாவுக்கு உறைத்ததும் அப்போதுதான். தனக்குத் தெரியக் கூடாது என்று அந்த மனுஷர் கேட்டிருக்கிறார். சாகப்போகிற நேரத்தில் ஒருத்தியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு, அதை நம்பித்தான் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்திருக்கிறார். மகளுக்காகக் கேட்கிறேன் என்று எவ்வளவு சொல்லிக்கொண்டாலும், அந்தக் கட்டிலுக்குப் பின்னால் ஒளிந்து நின்று ஒட்டுக் கேட்பது அவள்தான்.

எனக்கு ஒரு மகள் இருக்கிறாள், என்றார் கதிர்காமநாதன் இங்கிலீஷில்.

எமரென்சியா நாற்காலி கவிழ எழுந்தாள். ஐம்பத்தெட்டு வயதில் ஓடினாள். கூடத்தைத் தாண்டி, நடையைத் தாண்டி, பின்கட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் போய்க் குழாயை முழுக்கத் திறந்துவிட்டாள். தகர வாளியில் தண்ணீர் விழுந்து காதை அடைத்தது. போதாதென்று இன்னொரு குழாயையும் திறந்தாள்.

“மிஸ்ஸி, என்னாச்சு? ஏதாச்சும் வேணுமா?”

நேர்முகத்துக்காக நடையில் பெஞ்சில் காத்திருந்த பெண் பின்னாலேயே வந்து நின்றாள். நாற்பது வயதிருக்கும், தடித்த கண்ணாடி, சட்டையில் குத்திய பெயர்ச்சீட்டு. நல்லம்மாள்.

காதுக்கு எட்டாத தூரத்துக்கு ஓடி வந்தவளின் முன்னால் அவர் கதையைக் கேட்ட காதே வந்து நின்றது. சொல்லுக்குச் சொல் ஞாபகம் வைத்திருக்கிறவள். இரண்டு வருஷம் என்ன, இருபது வருஷம் ஆனாலும் சொல்வாள். நான் யார் தெரியுமா என்று ஒரு வார்த்தை போதும். எமரென்சியா அவளுடைய வாயையே பார்த்தாள். அந்த வாய் சத்தியம் செய்து இரண்டு வருஷமாக அதைக் காப்பாற்றியிருக்கிறது. அவளை அறைய வேண்டும்போலவும் இருந்தது, கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

“ஒண்ணுமில்லம்மா. கை கழுவுறேன்” என்றாள். “நீ போய் உக்காரு. உன்னை நான் பேட்டி எடுக்கமாட்டேன், வேற ஆள் கூப்பிடுவாங்க.”

“நான் ஏதும் தப்புப் பண்ணிட்டேனா மிஸ்ஸி?”

“நீ தப்புப் பண்ணல.”

நல்லம்மாள் போனபிறகும் இரண்டு குழாய்களும் ஓடிக்கொண்டிருந்தன. பத்து நிமிஷம் கழித்துக் கதிர்காமநாதன் வந்து அவற்றை மூடினார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். கண் சிவந்திருந்தது. முகத்தைப் பார்த்தே நோயாளி பிழைப்பானா மாட்டானா என்று சொல்கிறவள் எமரென்சியா. அந்த முகத்தைப் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டாள். பார்த்தும் விட்டாள். நல்ல செய்தி கேட்டவர் முகமும் அப்படி இருக்கலாம், கெட்ட செய்தி கேட்டவர் முகமும் அப்படி இருக்கலாம்.

“மிஸ்ஸி” என்று ஆரம்பித்தார்.

“வேணாம் சார்” என்றாள் அவள்.

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.

முடிவு அன்று மாலையே எழுதப்பட்டது. எமரென்சியாவுக்கு அதில் ஓட்டு இல்லை. பயிற்சி தரமானது, அங்கீகாரம் கொடுக்கலாம். ஆனால் நோயாளியின் பேச்சைச் சொன்னது சொன்னபடி எழுதுவதால் பெயர் மறைத்தும் ஆள் தெரிகிறது. ஆகவே பாடம் முடிந்த கோப்புகள் எதையும் இனி வைத்திருக்கக் கூடாது, பழையவை அத்தனையையும் அழித்தபிறகுதான் கையெழுத்து. சிஸ்டர் இம்மாகுலேட் ஒரு வார்த்தை மறுக்கவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை காலை, மடத்துக்குப் பின்னால் எண்ணெய்த் தகரத்தில் ஆறு வருஷத்துக் கோப்புகளையும் போட்டு எரித்தார்கள். மூவரும் சாட்சியாக நின்றார்கள். எது நான்காவது கோப்பு என்று எமரென்சியாவுக்குத் தெரியவில்லை. கடைசித் தாள் சுருண்டு கறுத்தபோது அவளுக்குச் சந்தியாகுவை இரண்டாம் முறை அடக்கம் செய்வது மாதிரி இருந்தது. ஆனால் இந்த முறை அவள் அழவில்லை. அவர் கேட்டதைச் செய்துவிட்டோம் என்றுமட்டும் நினைத்தாள்.

அவருக்குச் செய்தாயிற்று. மகளுக்கு?

அன்று மாலை ஃபெரியில் அக்கரை வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. செபராங் ஜெயா பஸ்ஸில் ஏறினாள். மகள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நாலு மைல்தான். ஆறு வருஷத்தில் ஒருமுறைகூட அந்த வாசல்படி ஏறியதில்லை. புருஷன் இருந்தவரைக்கும் அவருக்குப் பயந்தாள். போனபிறகு, போன் இருக்கிறதே என்று ஒரு சாக்கு.

ஜெசிந்தா கதவைத் திறந்தாள். அலுவலகத்திலிருந்து அப்போதுதான் வந்தவள்போல, ஒரு காதில் தோடு இருந்தது, மற்றது கையில் இருந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை. வழியை விட்டு நகர்ந்தாள், அவ்வளவுதான். முத்துவீரப்பன் மாமியாரைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க அத்தை” என்று சொல்லிவிட்டு, நிலைமை தெரிந்த பிள்ளையாகச் சமையலறைக்குப் போய்விட்டான்.

எமரென்சியா உட்காரவில்லை. உட்கார்ந்தால் சுற்றி வளைக்கத் தோன்றும்.

“அப்பா எங்கிட்ட உன்னைப் பத்தி ஒண்ணும் கேக்கல. நான் சொன்னதெல்லாம் பொய்” என்றாள்.

ஜெசிந்தா தோட்டை மேசைமேல் வைத்தாள். “தெரியும்” என்றாள். “புதன்கிழமையும் வெள்ளிக்கிழமையும் எனக்குத் தெரியும்மா. ஏன் இன்னிக்கு வந்து சொல்ற?”

அதற்குப் பதில் இருந்தது. ஏழாம் விதி, படித்தது வெளியே போகக் கூடாது. அதற்கும் மேலே ஒரு சத்தியம் இருந்தது, அது அவள் செய்தது இல்லை என்றாலும்.

“எங்கிட்ட கேக்கலன்னு சொல்ற. வேற யாருகிட்டயாச்சும் கேட்டாரா?”

“எனக்குத் தெரியாது” என்றாள் எமரென்சியா. உள்ளபடி அவளுக்குத் தெரிந்தது ஒரு சொல்தான். ‘அவ.’ அதற்குப் பிறகு வந்தது என்ன என்று கடவுளுக்கும் நல்லம்மாளுக்கும் தெரியும்.

ஜெசிந்தா தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தத் தடவை பொய் இல்லை என்று கண்டுபிடித்திருக்கவேண்டும். தோள் கொஞ்சம் தளர்ந்தது. ஆனால் அவள் சந்தியாகுவின் மகள், அத்தோடு விடுகிற சாதி இல்லை.

“சரி. அவரு கேக்கல. நீ கேட்டியா? எட்டு மாசம் படுத்துக் கெடந்தாரே, ஒரு நாளாச்சும் நீ என் பேரை அவர்கிட்ட எடுத்தியா?”

அப்பா கேட்டாரா என்பதற்கு இரண்டு வருஷமாக எத்தனையோ பதில் செய்து வைத்திருந்தவளை இதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. கோப்பில் படித்த பத்து வரியில் அவர் சொன்னது இப்போதுதான் முழுசாக விளங்கியது. சொல்ல அவருக்கு ஆள் வேண்டியிருந்தது. வீட்டிலிருந்தவள் ஒருநாளும் கேட்கவில்லை.

“இல்ல” என்றாள். “ஒரு நாள்கூட எடுக்கல. பயமா இருந்துச்சு. உன் பேரைச் சொன்னா அவரு என்னா சொல்லிருவாரோன்னு பயம். அவரு நல்லது சொல்ல ஆசைப்பட்டிருந்தாலும் நான் வழி விடல ஜெசி. நான்தான் விடல.”

சமையலறையில் ஏதோ பாத்திரம் உருண்டது. ஜெசிந்தா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவுமில்லை.

“ரெண்டு வருசமா அவரு மேல கோவப்பட்டுக்கிட்டு இருந்தேன்” என்றாள். “அதுல பாதி உன்னோடதா?”

“ஆமா.”

பிறகு ஜெசிந்தா ஒரு நாற்காலியை இழுத்துத் தாயின் பக்கம் தள்ளினாள்.

“நாளைக்குப் பூசை எத்தனை மணிக்கு?”

“சாயங்காலம் ஆறரைக்கு. நீ வந்தா…”

“வரேன்னு சொல்லல” என்றாள் ஜெசிந்தா. “மணியைத்தான் கேட்டேன். உக்காரும்மா.”